இரண்டாவது கண்ட்ரோலர்

டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் பெட்டி வாங்க வருகிறவர்களிடம் சதக்கத்துல்லா முதலில் கேட்பது பிள்ளையின் வயதைத்தான். வளைகுடாவில், அல் குசைஸ் பகுதியில் ஒரு லாண்டரிக்கும் ஒரு சலூனுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் கடை அவருடையது. கைமாறி வந்த போன், லேப்டாப், டிவி எல்லாம் அங்கே கிடைக்கும். கேம் பெட்டிகளை மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்.

"பிள்ளைக்கு எத்தன வயசு தம்பி?"

"நாலு ஆகப்போகுது பாய்" என்றான் பாலகுரு.

"அப்ப இது வேணாம். ஒரு பந்து வாங்கிக் குடுங்க."

"பந்த எங்க பாய் ஒதைக்கிறது? நாங்க இருக்கிறது பார்ட்டிஷன் ரூம். பந்து பட்டா செவரோட பக்கத்து ரூம்ல போய் விழும்."

"பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஜூலை மாசத்துலயா?"

சதக்கத்துல்லா வெளியே பார்த்தார். சாயங்காலமாகியும் தார்ச்சாலை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அலமாரியைத் திறந்தார்.

"இங்க வர்ற அப்பமாரெல்லாம் பிள்ளைக்குன்னு சொல்லித்தான் வாங்குறாங்க. முக்காவாசிப் பேரு பிள்ளைக்கு முன்னாடி தானே வெளையாடித் தேச்சுர்றாங்க. உங்களுக்குன்னா உங்களுக்குன்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன எடுத்துத் தர்றேன்."

"எனக்கு வெளையாட்டே தெரியாது பாய். அவன் எம் பக்கத்துல வந்து ஒக்காந்தாப் போதும்."

சதக்கத்துல்லா அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு பெட்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கேட்காமலே, கையில் பிடித்து ஓட்டும் கண்ட்ரோலரை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக் கட்டினார். "சரிப்படலைன்னா கொண்டாங்க. அட்டப்பெட்டியக் கிழிக்காம வச்சிருங்க" என்றார்.

பாலகுரு ஏசி மெக்கானிக். ஏசி குளிரை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படி எதையும் உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக் கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே ஓடும் செப்புக் குழாயில் இருக்கும் வாயு, அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகும். மாடியில் இருக்கும் பெட்டி அதை நெருக்கிப் பிழிந்து, விசிறி போட்டு வெளியே தள்ளும். வெறுங்கையோடு வாயு மறுபடி கீழே வரும். ஒரு கட்டடத்தில் நூறு வீடு குளிர்ந்திருக்கிறதென்றால், அந்த நூறு வீட்டுச் சூடும் மாடியில் நிற்கிறது என்று அர்த்தம். பாலகுருவின் டியூட்டி அந்த மாடியில். கோடைக்காலத்தில் அவன் சட்டையில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு விழும். வீடு திரும்பும் வேனில் ஏறினால், வேன் நகர்வதற்குள் அவன் தலை சாய்ந்துவிடும்.

கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் படுக்கை இருந்தும் அவன் இந்த வருடம் பார்ட்டிஷன் அறை எடுத்ததற்குக் காரணம், மனைவி அகிலாவும் மகன் லோகித்தும் விசிட் விசாவில் வந்திருந்ததுதான். கடைசியாக அவன் ஊரில் இருந்தபோது லோகித் குப்புற விழவே பழகிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அடுத்தடுத்து லீவு தள்ளிப்போனது. தவழ்ந்ததையும் நடந்ததையும் மொட்டை போட்டதையும் பாலகுரு போனில்தான் பார்த்தான்.

ஏர்போர்ட்டில் அவன் ஓடிப்போய்க் கையை நீட்டினான். லோகித் அகிலாவின் துப்பட்டாவுக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

"இது அப்பாடா. பாரு, அப்பா" என்றாள் அகிலா.

துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து அவள் கைப்பையைத் துழாவியது. "போனக் குடு. அப்பாவுக்குப் போன் போடு."

"அப்பாதான் முன்னாடியே நிக்கிறாரே, எதுக்குப் போனு?"

"இந்த மாமா நம்ம பெட்டியத் தூக்குதுன்னு அப்பாட்ட சொல்லணும்."

பெட்டியைத் தூக்கிய கையோடு பாலகுரு சிரித்தான். அங்கே சிரிப்பாகத்தான் இருந்தது. டாக்ஸியில் வரும்போது அது சிரிப்பாக இல்லை.

ஒரு வாரம் போயும் மாமா மாமாவாகவே இருந்தார். பாலகுரு தூக்கப்போனால் லோகித் உடம்பை மீன் மாதிரி வளைத்து நழுவினான். சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொண்டான். ஒரு நாள் பாலகுரு ஒரு காரியம் செய்தான். படிக்கட்டுக்குப் போய் நின்றுகொண்டு அங்கிருந்து அகிலாவின் போனுக்கு வீடியோ கால் போட்டான். அறைக்குள்ளிருந்து "அப்பா!" என்று ஒரு கூச்சல் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன், இங்கே ஒரு மாமா இருக்காரு, குறட்டை விடுறாரு என்று பையன் சொன்னான். பாலகுரு நெடுநேரம் அந்தப் படிக்கட்டிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தான். மறுநாளும் போனை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை அகிலா தடுத்துவிட்டாள்.

"இப்படியே போனாப் போனுக்குள்ள இருக்கறவருதான் அப்பான்னு ஆயிரும். வேணாங்க."

அவன் கேம் பெட்டி வாங்கப் போனது அதற்கு அடுத்த நாள்.

பெட்டியைப் பார்த்ததும் அகிலா தலையில் கைவைத்தாள். "இத எதுக்கு வாங்குனீங்க? போனப் புடுங்கி வைக்கிறதுக்கே நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

"நீதான சொன்ன, போன்ல எல்லாத்தையும் அவனே போட்டுருவான்னு. லாக்கக்கூட எடுத்துர்றான்னு."

"அதுக்கு?"

"அதுக்கு இது. நான் பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுப்பேன்ல."

அவன் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டு அகிலா டிவிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஹாலை எடுத்துக்கொண்டு, குறுக்கே ஜிப்சம் பலகைகளை நிறுத்தி நாலைந்து அறைகளாக்குவார்கள். ஹாலுக்கு ஏசி ஒன்றுதான். அதனால் பலகைகள் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டிருப்பார்கள், காற்று எல்லா அறைக்கும் போவதற்காக. காற்று போகும் வழியில் சத்தமும் போகும். பக்கத்து அறையில் இருந்த சாதிக் பாட்ஷா வாணியம்பாடிக்காரர். ஒரு பேக்கரியில் வேன் ஓட்டுகிறார். ஊர் தூங்கும்போது ரொட்டி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஊர் எழுந்த பிறகு வந்து படுப்பார். ஆகவே பகல் முழுக்க அகிலா லோகித்திடம் சொன்ன ஒரே வாக்கியம், "மாமா தூங்குறாங்க, சத்தம் போடாத" என்பதுதான். பிள்ளை ஓடினால் அது. பாடினால் அது. தடுக்கி விழுந்தால்கூட அழுவதற்கு முன்னால் அது.

பாலகுரு டிவியில் இணைப்பைக் கொடுத்தான். திரையில் ஒரு குட்டி நரி வந்து வாலை ஆட்டியது. ஓட வேண்டும், பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், வழியில் கிடக்கும் ஆப்பிள்களைப் பொறுக்க வேண்டும். இருப்பதிலேயே எளிதான விளையாட்டு இதுதான் என்று சதக்கத்துல்லா சொல்லியிருந்தார்.

நரியைப் பார்த்ததும் லோகித் மெத்தையிலிருந்து குதித்து இறங்கினான். நேராக டிவிக்குப் போய் நரியின் மேல் விரலை வைத்து அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. தள்ளிப் பார்த்தான். இரண்டு விரலால் விரித்துப் பார்த்தான். திரையில் கைரேகை விழுந்ததுதான் மிச்சம்.

"அங்க இல்லடா தங்கம். இங்க, இதுல" என்று பாலகுரு கண்ட்ரோலரை நீட்டினான்.

இந்த இடத்தில்தான் பாலகுருவின் கணக்கு தவறியது. போனை நன்றாக ஓட்டுகிற பிள்ளை இதையும் ஓட்டிவிடும் என்று அவன் நினைத்திருந்தான். இரண்டும் ஒன்றல்ல. போனில் எதைத் தொடுகிறோமோ அதுவே நகரும். கை இருக்கும் இடத்திலேயே காரியமும் நடக்கும். பிறந்ததிலிருந்து பிள்ளைகள் உலகத்தைத் தெரிந்துகொள்வதும் அப்படித்தான், தொட்டு, இழுத்து, தள்ளி. கேம் பெட்டியில் கை ஒரு இடத்தில், காரியம் வேறொரு இடத்தில். மடியில் இருக்கும் கட்டைவிரல் அசைந்தால் எதிர்ச்சுவரில் இருக்கும் நரி ஓடும். பெரியவர்கள் கையைப் பார்க்காமலே பொத்தானைத் தேடிக்கொள்வார்கள். நாலு வயதுப் பிள்ளை பொத்தானைக் குனிந்து பார்க்கும். பார்த்து அழுத்திவிட்டு நிமிர்வதற்குள் நரி பள்ளத்தில் கிடக்கும்.

கையும் போதவில்லை. கண்ட்ரோலர் பெரிய ஆளின் உள்ளங்கைக்கு வார்த்தது. இரண்டு பக்கமும் பிடித்தால் கட்டைவிரல் தானாக, நரியை ஓட்டும் குமிழ்மேல் வந்து உட்கார வேண்டும். லோகித் இரண்டு பக்கமும் பிடித்தால் கட்டைவிரல் குமிழுக்கு எட்டவில்லை. குமிழைப் பிடித்தால் கண்ட்ரோலர் மடியில் சரிந்தது. கடைசியில் அதைத் தரையில் வைத்து, குமிழை இரண்டு கையாலும் ஆட்டுரல் குழவி மாதிரி பிடித்துச் சுற்றினான். நரி நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றிப் பள்ளத்தில் விழுந்தது. கண்ட்ரோலர் அதிர்ந்தது.

அந்த அதிர்வு எப்படி வருகிறது என்பதும் வேடிக்கையானதுதான். உள்ளே விரற்கடை அளவில் ஒரு மோட்டார் இருக்கிறது. அதன் தண்டில் ஒரு பக்கம் மட்டும் கனமான இரும்புத் துண்டு. ஒரு பக்கம் கனம் அதிகமான சக்கரம் சுற்றினால் குதிக்கும் அல்லவா, அதுதான். கையில் பிடித்திருந்தால் கை அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். தரையில் கிடந்தால் தரை வாங்கும். இங்கே தரை என்பது பிளைவுட் பலகை. பலகை ஜிப்சம் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சாதிக் பாட்ஷாவின் தலையணை இருந்தது.

கதவு தட்டப்பட்டது. சாதிக் பாட்ஷா லுங்கியோடு நின்றார்.

"பாலா, கோவிச்சுக்காத. என் தலகாணிக்குள்ள ஏதோ ஜெனரேட்டர் ஓடுது."

"மன்னிச்சுக்கங்க பாய். பையனுக்கு கேம் வாங்குனேன்."

"பையனுக்கா?" அவர் எட்டிப் பார்த்தார். பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தான். கண்ட்ரோலர் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. "அவன் அழுவுறான், நீ வெளையாடுற. நல்லா வாங்குன போ."

அன்றைக்கு அதோடு முடிந்தது. அதிர்வை பாலகுரு அணைத்துவிட்டான். ஆனால் மனம் ஒப்பவில்லை. எந்த எந்திரமாக இருந்தாலும், அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றும் எதற்கு என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. மறுநாள் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து துருவினான். ஓரிடத்தில் அது கிடைத்தது. இரண்டு கண்ட்ரோலர்களை ஒரே ஆளாகச் சேர்க்கும் வசதி அது. அதைப் போட்டுவிட்டால், இரண்டு பேர் அழுத்துவதையும் ஒருவர் அழுத்துவதாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும். ஒரு நரிதான், ஓட்டுவது இரண்டு பேர். கையில் வலுவில்லாதவர்களுக்காக, துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்து உதவட்டும் என்று யாரோ யோசித்துச் செய்தது. கார் ஓட்டப் பழகுகிறவர்களின் வண்டியில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதைப் போல.

லோகித்தின் கையில் ஒன்றைக் கொடுத்தான். இன்னொன்றைத் தன் தொடைக்கு அருகில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டான். லோகித் எதையோ அழுத்தினான். நரி ஓடியது. பள்ளம் வந்தது. லோகித் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழுத்தினான். பாலகுரு ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான். நரி தாண்டியது.

லோகித் மெத்தையில் எழுந்து நின்றான். "அம்மா! தாண்டிருச்சு! நாந்தான்!"

"மெதுவா. மாமா தூங்குறாங்க" என்றாள் அகிலா பழக்கத்தில்.

"நாந்தான்" என்றான் லோகித் ரகசியக் குரலில். பிறகு பாலகுருவைப் பார்த்து, "மாமா, நீ இங்கயே ஒக்காரு" என்றான்.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களெல்லாம் அப்படியே போயின. வேனிலிருந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் லோகித் இரண்டு கண்ட்ரோலர்களையும் எடுத்து வரிசையாக வைத்திருப்பான். பாலகுருவுக்குக் கண் சொக்கும். மாடியின் சூடு மண்டைக்குள் இன்னும் இருக்கும். ஆனாலும் உட்காருவான். பையன் அவனிடமிருந்து ஒரு சாண் தள்ளித்தான் உட்காருவான். மடியில் ஏறவில்லை, தோளில் சாயவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தான். சதக்கத்துல்லாவிடம் அவன் கேட்டது அவ்வளவுதான். அது கிடைத்துவிட்டது.

ஒரு நாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அகிலா மெல்ல ஆரம்பித்தாள்.

"இன்னைக்குப் பகல்ல அவனே எடுத்துப் போட்டுட்டான்."

"அட. போடத் தெரிஞ்சிருச்சா?"

"போடத் தெரிஞ்சிருச்சு. வெளையாடத் தெரியல. மொதப் பள்ளத்துலயே விழுந்துக்கிட்டே இருந்துச்சு. திரும்பத் திரும்பப் போட்டான். கடைசில எங்கிட்ட வந்து கையக் காட்டுறான். கை ஒடஞ்சு போச்சும்மாங்கிறான்."

"கையா? எந்தக் கை?"

"அவன் கைதான். நேத்து வேல செஞ்ச கை இன்னைக்கு வேல செய்யலையாம். மருந்து போடுங்கிறான்."

பாலகுரு வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் இருந்தான்.

"அப்புறம் என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் அவனே, மாமா வந்தாத்தான் இது ஓடும்னான்."

"பாத்தியா. தேடுறான்ல?"

அகிலா தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்களையாங்க தேடுறான்? அந்த ரெண்டாவது ரிமோட்டத் தேடுறான்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் அது உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சாதிக் பாட்ஷா ஒரு தரம் இருமிவிட்டு, கேட்காதது போல் இருந்தார்.

"ஊருக்கும் இதக் கொண்டு போகணும்னு சொல்றான்" என்றாள் அகிலா. "கொண்டு போனா அங்க யாரு ஒக்காந்து ரெண்டாவத அமுக்குவா? நான் சமைப்பனா, மாட்டப் பாப்பனா, இதுல ஒக்காருவனா? தெனமும் அவன் கை ஒடஞ்சு போச்சுன்னு அழுதுக்கிட்டு நிப்பான்."

பாலகுரு யோசித்தான். அவன் செய்ததில் எங்கே கோளாறு என்பது அவனுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. உதவி செய்ததில் தப்பில்லை. உதவியை மறைத்ததில் இருந்தது. கார் பழக்குகிற ஆசிரியர் பிரேக்கை மிதித்தால், மிதித்தேன் என்று சொல்லிவிடுவார். பழகுகிறவனுக்குத் தன் கால் எது, அவர் கால் எது என்று தெரியும். இவன் சொல்லவே இல்லை. பையன் முகத்தில் வந்த அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருந்துவிட்டான். நாலு வயதுப் பிள்ளை தன் கையை நம்புவதற்குக் கற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில், இல்லாத ஒரு கையை அதற்கு ஒட்டவைத்துவிட்டு, டியூட்டிக்குப் போகும்போது கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

"திருப்பிக் குடுத்துர்றேன்" என்றான். "அட்டப்பெட்டி கிழியாமத்தான் இருக்கு."

"நான் உங்களக் கொற சொல்லலங்க."

"தெரியும்."

சாதிக் பாட்ஷாவிடம் சொன்னான். அவர் டியூட்டிக்குப் போகும் வழியில்தான் சதக்கத்துல்லாவின் கடை. விசா முடிவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் கிளம்பும்போது வந்து வாங்கிக்கொண்டு போகிறேன் என்றார்.

அந்த ஞாயிறு பாலகுருவுக்கு லீவு. ஊருக்குக் கொண்டுபோகும் கார்ட்டன் கட்டியாகிவிட்டது. கயிறு போட்டு, நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதியாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க ஒரு பெரிய கட்டடத்தில் ஏசி நின்றுபோய், அவன் மாடியிலேயே கிடந்திருந்தான். உடம்பு ஈரத் துணி மாதிரி கனத்தது. படுத்தால் போதும் என்று இருந்தது. ஆனால் லோகித் கண்ட்ரோலர்களை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டி போகப்போகிறது என்று அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. பாலகுரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பக்கத்து அறைக்காகச் சத்தத்தை முழுதும் குறைத்தான். சத்தமில்லாமல் நரி ஓட ஆரம்பித்தது.

இந்த முறை அவன் தன் கண்ட்ரோலரைத் தாழ்த்திப் பிடிக்கவில்லை. இருவருக்கும் நடுவில், பையன் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தான்.

"இங்க பாரு. இதுவும் ஓட்டுது. நீ ஒண்ணு அமுக்குற, நான் ஒண்ணு அமுக்குறேன். ரெண்டும் சேந்தாத்தான் தாண்டும். ஒங் கையி நல்லாத்தான் இருக்கு. ஒடையல."

லோகித் பாலகுருவின் கையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பள்ளம் வந்தது. பாலகுருவின் கட்டைவிரல் அசைவதை அவன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நரி தாண்டியது. அவன் குதிக்கவில்லை, நாந்தான் என்று சொல்லவும் இல்லை. அடுத்த பள்ளத்திலும் அந்த விரலையே பார்த்தான். அதற்கு அடுத்ததிலும்.

கோபித்துக்கொண்டானோ என்று பாலகுருவுக்குத் தோன்றியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ஆனால் மேலே இடைவெளி வழியாக ஏசிக் காற்று முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நரி ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆப்பிள், இன்னொரு ஆப்பிள். அடுத்த ஆப்பிளை அவன் பார்க்கவில்லை.

மனிதன் தூங்கிப்போகும்போது முதலில் போவது கழுத்து. பிறகு கை. காது கடைசியில்தான் போகும். எழும்போது முதலில் திரும்புவதும் காதுதான். அதனால் பாலகுரு விழித்தபோது, விழித்தான் என்று சொல்வதற்குக்கூட முன்னால், கதவை யாரோ தட்டுவது அவனுக்குக் கேட்டது. சாதிக் பாட்ஷா பெட்டியை வாங்க வந்துவிட்டார் என்று நினைத்தான். எழுந்திருக்க வேண்டும். கண்ணைத் திறப்பதற்குக் கொஞ்சம் பலம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கையில் ஏதோ இருப்பது தெரிந்தது. கண்ட்ரோலர் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் குமிழின் மேலேயே இருந்தது. அந்தக் கட்டைவிரலின் மேல் சின்னதாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக, இன்னொரு கட்டைவிரல் இருந்தது. அது அவன் விரலைக் கீழே அழுத்தி மெல்ல முன்னால் தள்ளியது. குமிழ் நகர்ந்தது. அந்த விரல் நிறுத்தியது. மறுபடி தள்ளியது. முழங்கையில் ஒரு தலையின் கனம் இருந்தது. தலைமுடி புஜத்தில் உறுத்தியது.

பாலகுரு மூச்சைக்கூட மாற்றவில்லை.

மறுபடி கதவு தட்டப்பட்டது. "பாலா! ரெடியா?"

கட்டைவிரல் விலகியது. தலையும் விலகியது. பலகைத் தரையில் சின்னக் காலடிகள் ஓடின. அகிலா சமையலறையில் இருந்திருக்க வேண்டும். அந்த ஃபிளாட்டுக்கே பொதுவான சமையலறை அது, வராந்தாவின் கோடியில் இருந்தது. கதவின் தாழ்ப்பாள் லோகித்துக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னடா பெரிய மனுசா, எங்க ஒங்க..."

"உஸ்ஸ்" என்றான் லோகித். பிறகு இத்தனை வாரமும் தான் கேட்ட வாக்கியத்தை, தன் அம்மாவின் கண்டிப்போடு அப்படியே எடுத்துச் சொன்னான். ஒரே ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது.

"அப்பா தூங்குது. சத்தம் போடாத."

பிறகு சாதிக் பாட்ஷாவின் குரல், அந்த மனிதருக்குச் சாத்தியமே இல்லாத அளவுக்குத் தாழ்ந்து வந்தது.

"சரிப்பா. தூங்கட்டும். அந்தப் பெட்டிய நாளைக்கு வாங்கிக்கிறேன்னு சொல்லிரு, என்ன?"

"ம்."

"யாருட்டச் சொல்லுவ?"

"அப்பாட்ட."

"சொல்லு, சொல்லு" என்று சொல்லிக்கொண்டே அவர் போவது கேட்டது. வராந்தாவில் அகிலாவிடம் அவர் ஏதோ சொன்னார். பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

கதவு சாத்தப்பட்டது. காலடிகள் திரும்பி வந்தன. முழங்கையில் தலை வந்து சாய்ந்தது. கட்டைவிரல் தன் இடத்தைத் தேடிக்கொண்டது.

கண்ணைத் திறந்தால் என்ன ஆகும் என்று பாலகுருவுக்குத் தெரியவில்லை. அப்பாவாகவே இருக்கலாம். மறுபடியும் மாமா ஆகிவிடலாம். திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் தைரியம் அவனிடம் இல்லை. அவர்கள் விமானம் ஏறுவதற்கு இன்னும் கொஞ்சம் பொழுது இருந்தது. அதற்குள் எப்படியும் தெரிந்துவிடும். இப்போது அவன் செய்யக்கூடியது ஒன்றுதான். விரலைத் தளர்வாக வைத்திருந்தான், அந்தச் சின்ன விரல் தள்ளும் பக்கமெல்லாம் போகட்டும் என்று. இமைக்குப் பின்னால் டிவியின் வெளிச்சம் மட்டும் மாறி மாறி வந்தது. நரி ஓடுகிறதா, பள்ளத்தில் கிடக்கிறதா என்று அவன் பார்க்கவில்லை. பையன் அழவில்லை. அதனால் எங்கே கிடந்தாலும் பரவாயில்லை.

தூங்குவது போல நடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அந்தச் சொல்லை இன்னொரு முறை சொன்னால் விடக்கூடாது என்று அவன் நினைத்திருந்தான். கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் ஒரு வாரத்து மாடி அவன் உடம்பில் இருந்தது. முழங்கையின் மேலிருந்த கனம் இளஞ்சூடாக இருந்தது. கழுத்து போனது. கை போனது. காதை மட்டும் அவன் கடைசி வரை பிடித்து வைத்திருந்தான். பிறகு அதுவும் போனது.